நான்கு வழக்குகளும் ஒரு நியமனமும்

பி.ஏ. வகுப்பில் அரசியல் விஞ்ஞானத்தைப் பாடமாக எடுத்துக்கொண்ட ஒரு மாணவரிடம் இந்திய அரசியலமைப்பைப் பற்றிக் கேட்டால், அது 1950 ஜனவரி 26ஆம் நாள் அமலுக்கு வந்தது என்றும், தொடக்கத்தில் அதில் 395 ஷரத்துகளும் 8 அட்டவணைகளும் இருந்தன என்றும், பாராளுமன்ற முறையைப் பிரிட்டனிடமிருந்தும் ஜீவாதார உரிமைகளை அமெரிக்காவிடமிருந்தும் வழிகாட்டும் கோட்பாடுகளை அயர்லாந்திடமிருந்தும் நாம் பெற்றுக்கொண்டோம் என்றும் தடங்கலின்றிச் சொல்லிவிடுவார். ஆனால், விசாரணையே இல்லாமல் ஒருவரைச் சிறையில் வைத்திருக்கச் சர்க்காருக்கு எதுவரை அதிகாரம் உண்டு, அயல் ராஜ்யத்தில் அச்சாகும் பத்திரிகை ஒன்றைத் தன் எல்லைக்குள் வரவிடாமல் தடுக்க ஒரு மந்திரிசபையால் முடியுமா, எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லாத சட்டசபை அமைந்துவிட்டால் கவர்னர் யாரை அழைக்க வேண்டும் என்றெல்லாம் கேட்டால், பரீட்சையில் வராத கேள்விகள் இவை என்று எண்ணித் தயங்குவார். அந்தத் தயக்கத்துக்கு அவரைக் குறை கூறுவதற்கில்லை. அரசியலமைப்பு என்பது எண்ணி முடிக்கத்தக்க உறுப்புகளைக் கொண்ட ஒரு நூல் என்ற எண்ணத்தை அவருக்கு ஊட்டியவர்கள் நாம்.

அரசியலைப் பற்றிய படிப்பு தோன்றிய காலத்தில் அதன் போக்கு இவ்வாறு இருந்ததில்லை. அரிஸ்டாட்டிலும் அவருடைய சீடர்களும் 158 அரசுகளின் அமைப்புகளைத் திரட்டி ஆராய்ந்தார்கள் என்பது பரம்பரையாக வழங்கிவரும் செய்தி. அவற்றுள் ஏதென்ஸைப் பற்றிய நூல் மட்டும் எகிப்தில் கிடைத்த பாபிரஸ் ஏடுகளின் மூலமாக 1891இல் அச்சேறி நமக்கு மீண்டது. இலக்கணம் வகுக்கப் புகுமுன் இலக்கியத்தைத் தேடிச் சென்ற அந்த முறையே இந்தச் சாஸ்திரத்தின் தாய்முறை. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இரண்டு பேர் இரண்டு வழிகளில் அதை வளர்த்தார்கள். பத்திரிகாசிரியரான வால்டர் பாஜட் 1867இல் வெளியிட்ட நூலில், அதிகாரம் இருப்பதாகச் சொல்லப்படும் இடம் எது, அது உண்மையில் இருக்கும் இடம் எது என்று நோக்கி, முடியையும் பிரபுக்கள் சபையையும் தாண்டி மந்திரிசபையைச் சுட்டிக்காட்டினார். ஆக்ஸ்போர்டில் சட்டப் பேராசிரியராக இருந்த டைசி 1885இல் வெளியிட்ட சொற்பொழிவுகளில், பாராளுமன்றத்தின் இறைமை, சட்டத்தின் ஆட்சி என்னும் இரண்டு தூண்களை நிறுத்தி அவற்றுக்கு வரையறை வகுத்தார். நம்முடைய கல்லூரிகளோ டைசியின் வரையறைகளை ஏற்றுக்கொண்டு, பாஜட்டின் கண்ணை விட்டுவிட்டன என்பது என் அபிப்பிராயம். அப்பாதுரையின் ‘அரசியலின் சாரம்’ என்னும் பொருள்படும் ஆங்கிலப் பாடநூலும், அரசியலமைப்பு ஆட்சியையே தலைப்பாகக் கொண்டு 1960இல் வெளிவந்த எம்.வி. பைலியின் நூலும் இன்றும் படிக்கத்தக்கவை, குற்றம் அவற்றினுடையதன்று. அவற்றிலிருந்து இறக்கப்பட்ட குறிப்புகளும், அந்தக் குறிப்புகளிலிருந்து இறக்கப்பட்ட வினா விடைகளுமே மாணவருடைய கைக்கு வந்து சேர்கின்றன.

இதற்கு மாற்றாக ஒரு வழியை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறேன். 1950 மார்ச் முதல் 1952 ஏப்ரல் வரையிலான சுமார் இரண்டு ஆண்டுகளில், விசாகப்பட்டினத்திலிருந்து திருநெல்வேலி வரையும், மேற்கே மலபாரும் தென் கன்னடமும் உட்பட, பரந்து கிடந்த அன்றைய சென்னை ராஜ்யத்தில் நிகழ்ந்த ஐந்து நிகழ்ச்சிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றை ஒரு முழு ஆண்டு நிதானமாகப் படித்தால், அரசியலமைப்பு ஆட்சி என்பதன் சாரம் அனைத்தும் ஒரு மாணவருக்கு விளங்கிவிடும் என்று நான் நம்புகிறேன். அவற்றுள் நான்கு வழக்குகள், ஒன்று நியமனம். இந்தியாவின் வேறெந்த ராஜ்யத்துக்கும் இந்தப் பெருமை, அல்லது சிறுமை, கிடைத்ததாகத் தெரியவில்லை: புதிய அரசியலமைப்பின் உரிமைகளைப் பற்றிய ஆதாரமான தீர்ப்புகளில் இத்தனை ஒரே சர்க்காரை எதிர்க்கட்சியாகக் கொண்டு எழுந்தன. அதற்குக் காரணங்கள் இல்லாமலில்லை. தெலிங்கானாவில் மூண்ட ஆயுதக் கிளர்ச்சியின் வெப்பம் ஆந்திர ஜில்லாக்களிலும், கம்யூனிஸ்டு இயக்கத்தின் வலிமை மலபாரிலும் தெரிந்தமையால், பொது அமைதியைக் காப்பதற்கென்று கடுமையான சட்டங்களை இயற்றிக்கொண்ட சர்க்கார் அது. கல்வியிலும் உத்தியோகத்திலும் வகுப்புவாரி உரிமையை நீதிக்கட்சிக் காலத்திலிருந்தே ஆட்சி முறையின் அங்கமாகக் கொண்டிருந்த ராஜ்யமும் அதுவே. சட்ட நுணுக்கத்தில் ஊறிய வக்கீல்களுக்கும் அங்கே பஞ்சமில்லை. இத்தகைய நிலத்தில் புதிய அரசியலமைப்பு வந்து இறங்கியவுடன் உராய்வு நேர்ந்தது இயல்பே.

1950 மார்ச் 1ஆம் தேதியைக் கவனியுங்கள். அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து ஐந்து வாரங்கூட நிறையாத அந்த நாளில், 1947 டிசம்பரிலிருந்து ஏதேனும் ஒரு காரணத்தால் சிறையிலேயே இருந்துவந்த மலபார்க் கம்யூனிஸ்டுத் தலைவர் ஏ.கே. கோபாலனிடம், சில தினங்களுக்கு முன்பு மத்திய சர்க்கார் நிறைவேற்றியிருந்த தடுப்புக் காவல் சட்டத்தின்கீழ்ப் புதிய உத்தரவொன்று கொடுக்கப்பட்டது. அதே தேதியிட்ட வேறோர் உத்தரவின் மூலம், பம்பாயில் ரொமேஷ் தாப்பர் நடத்திவந்த ‘கிராஸ் ரோட்ஸ்’ என்னும் ஆங்கில வாரப் பத்திரிகை சென்னை ராஜ்யத்துக்குள் நுழைவதும் விற்கப்படுவதும் தடை செய்யப்பட்டன. மனிதர் ஒருவர் வெளியே வரக்கூடாது. பத்திரிகை ஒன்று உள்ளே வரக்கூடாது. இரண்டும் நேரே உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றன. அங்கே ஒரே மாதத்தில், ஒரு வார இடைவெளியில், ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றும் இரண்டு தீர்ப்புகள் பிறந்தன.

கோபாலன் வழக்கில் ஆறு நீதிபதிகள் அமர்ந்தார்கள். ஆறு பேரும் தனித்தனியே தீர்ப்பு எழுதினார்கள். மனுதாரருக்காக எம்.கே. நம்பியார் வாதாடினார். ஒருவருடைய உயிரையோ தனி மனித சுதந்திரத்தையோ சட்டம் விதித்த நடைமுறைப்படியன்றிப் பறிக்கலாகாது என்று 21ஆம் ஷரத்து கூறுகிறதே, அங்கே சட்டம் என்பது சட்டசபை எதை நிறைவேற்றினாலும் அதையெல்லாம் குறிக்குமா, அல்லது இயற்கை நீதிக்கு இயைந்த சட்டத்தை மட்டும் குறிக்குமா என்பதே விவாதத்தின் உயிர்நாடி. அமெரிக்க அரசியலமைப்பில் உள்ளதுபோல் ‘முறையான நடைமுறை’ என்ற பொருள் தரும் சொற்றொடரை முதலில் ஏற்றுக்கொண்டிருந்த அரசியல் நிர்ணய சபை, பின்னர் அதைக் கைவிட்டுச் ‘சட்டம் விதித்த நடைமுறை’ என்று மாற்றியது. அரசியலமைப்பு ஆலோசகரான பி.என். ராவ் அமெரிக்கா சென்று நீதிபதி பிராங்க்பர்ட்டரைச் சந்தித்து வந்ததற்கு அந்த மாற்றத்தில் பங்குண்டு. அந்தச் சரித்திரத்தை வைத்துப் பெரும்பான்மை நீதிபதிகள், சபை வேண்டுமென்றே விலக்கியதை நீதிமன்றம் பின்வாசல் வழியே கொண்டுவரலாகாது என்றார்கள். கைதி காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்தில் வெளியிடுவதைக்கூடக் குற்றமாக்கிய 14ஆம் பிரிவு மட்டும் ஒருமனதாக நீக்கப்பட்டது. மற்றபடி சட்டம் நின்றது. பஸ்ல் அலி, மெஹர் சந்த் மகாஜன் ஆகிய இருவரே மாறுபட்டனர். அவர்களுள் பஸ்ல் அலி, உரிமைகள் சுவரிட்டுப் பிரித்த அறைகளாக இல்லை, ஒன்றின்மேல் ஒன்று படிந்தே நிற்கின்றன என்றும், ஒருவரைக் கேளாமலே தண்டிப்பதை நடைமுறை என்று சொல்வதற்கில்லை என்றும் வாதித்தார். அன்று தனித்து ஒலித்த அந்தக் குரல், 1970இல் வங்கிகள் தேசியமயமாக்கப்பட்ட வழக்கிலும் 1978இல் மேனகா காந்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றத்தின் சொந்தக் குரலாகிவிட்டது.

ஒரு வாரம் கழித்து, மே 26ஆம் நாள், தாப்பர் வழக்கில் தீர்ப்பு வந்தது. கோபாலனுக்கு எதிராக எழுதிய பதஞ்சலி சாஸ்திரி, சென்னையில் வக்கீலாக இருந்து உயர்ந்தவர், பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதினார். பரவுவதற்கு இடமில்லாத பத்திரிகைக்கு வெளியிடும் சுதந்திரம் என்று ஒன்று இருப்பதில் பொருளில்லை என்றும், பொது அமைதி, பொதுப் பாதுகாப்பு என்பவை விரிந்த சொற்கள், அரசின் பாதுகாப்பையே குலைக்கும் செயல்களுக்கு மட்டுமே 19ஆம் ஷரத்தின் இரண்டாம் உட்பிரிவு இடம் தருகிறது என்றும் கூறி, சென்னைச் சட்டத்தில் அந்தத் தடைக்கு இடம் தந்த பிரிவைச் செல்லாததாக்கினார். நகல் அரசியலமைப்பில் இருந்த ராஜத்துரோகம் என்ற சொல்லை நிர்ணய சபை நீக்கியதையும் அவர் ஆதாரமாகக் காட்டினார். இங்கே மாறுபட்டவர் யார் என்றால், முந்திய வாரத்தில் சுதந்திரத்தின் பக்கம் நின்ற அதே பஸ்ல் அலி! மாணவர்களை நான் நிறுத்திவைக்க விரும்பும் இடம் இதுதான். நீதிபதிகளைத் தாராளமானவர்கள், கடுமையானவர்கள் என்று இரண்டு வரிசைகளில் நிற்கவைத்துப் படிக்கும் பழக்கம் இந்த ஒரு வாரத்திலேயே உடைந்துபோகிறது. பதஞ்சலி சாஸ்திரி இரண்டு வழக்குகளிலும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்: எழுதப்பட்ட சொல்லைக் கறாராகப் பிடித்துக்கொண்டார். அந்தச் சொல் ஓரிடத்தில் சர்க்காருக்குச் சாதகமாகவும் மற்றோரிடத்தில் பிரஜைக்குச் சாதகமாகவும் இருந்தது, அவ்வளவே.

மூன்றாவது வழக்கு வி.ஜி. ராவ் என்னும் பாரிஸ்டர் தொடுத்தது. அவர் பொதுச் செயலாளராக இருந்த மக்கள் கல்விச் சங்கத்தைச் சட்ட விரோதமான ஸ்தாபனம் என்று சென்னை சர்க்கார் 1950இல் கெஜட்டில் அறிவித்தது. அவ்வாறு அறிவிப்பதற்குச் சர்க்காரின் அபிப்பிராயமே போதுமானது. சங்கத்துக்கு நேரில் அறிவிப்புத் தர வேண்டியதில்லை. உறுப்பினர் ஒருவர் கெஜட்டைப் படிக்கவில்லையென்றாலும் தண்டனைக்கு உள்ளாகலாம். சென்னை உயர் நீதிமன்றம் இதைச் செல்லாது என்றது. சர்க்கார் மேல்முறையீடு செய்தது. 1952 மார்ச் 31ஆம் நாள், அதற்குள் இந்தியாவின் தலைமை நீதிபதியாகிவிட்ட பதஞ்சலி சாஸ்திரி, உயர் நீதிமன்றத் தீர்ப்பை உறுதிப்படுத்தினார். ஒரு கட்டுப்பாடு நியாயமானதா என்று பார்க்கையில், மீறப்பட்டதாகச் சொல்லப்படும் உரிமையின் இயல்பு, கட்டுப்பாட்டின் நோக்கம், தடுக்க முற்பட்ட தீங்கின் அளவும் அவசரமும், மருந்து நோய்க்கு மிஞ்சியதா என்ற கேள்வி, அந்தந்தக் காலத்து நிலைமை ஆகிய அனைத்தையும் எடைபோட வேண்டும் என்று அவர் வகுத்த அளவுகோல், எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் நீதிமன்றங்களின் கையிலிருந்து இறங்கவில்லை. அதே தீர்ப்பில், நீதிபதிகள் தங்கள் சொந்த விருப்பு வெறுப்புகளை அடக்கிக்கொள்ள வேண்டும், கட்டுப்பாட்டை விதித்தவர்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்பதை மறக்கலாகாது என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. மேற்கோள் காட்டுகிறவர்களில் பலர் முதற்பாதியோடு நின்றுவிடுகிறார்கள்.

நான்காவது வழக்கைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்த 1947இல் திருத்தி அமைக்கப்பட்ட வகுப்புவாரி உத்தரவின்படி, கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடங்களுக்கும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று ஒதுக்கப்பட்டது. மருத்துவக் கல்லூரியில் சேர விரும்பிய செண்பகம் துரைராஜனின் மனுவை உயர் நீதிமன்றமும், 1951 ஏப்ரல் 9ஆம் நாள் ஏழு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வும் ஏற்று, அந்த உத்தரவை ரத்துச் செய்தன. இந்தத் தீர்ப்பை ஆதரிப்பதும் கண்டிப்பதும் மேடைகளில் நிறைய நடந்திருக்கின்றன. வகுப்பறையில் நடக்க வேண்டியது வேறு. 15, 16, 29, 46 ஆகிய நான்கு ஷரத்துகளின் மூல வாசகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், உத்தியோகங்களைப் பற்றிய 16ஆம் ஷரத்தில் பிற்படுத்தப்பட்டவர்களுக்கு இடம் ஒதுக்கலாம் என்ற விலக்கு எழுதப்பட்டிருப்பதும், கல்வி நிலையங்களில் அனுமதி பற்றிய 29ஆம் ஷரத்தில் அத்தகைய விலக்கு எழுதப்படாதிருப்பதும் கண்ணுக்குப் புலப்படும். நலிந்த பிரிவினரின் கல்வியை வளர்க்க வேண்டும் என்று 46ஆம் ஷரத்து சொன்னாலும், அது வழிகாட்டும் கோட்பாடுதான், ஜீவாதார உரிமைக்குக் கீழ்ப்பட்டதுதான் என்றது நீதிமன்றம். சொல்லைப் பிடித்த வாசிப்பு என்ற அளவில் அதில் பிழை காண்பது கடினம். ஆனால் நூற்றாண்டுகளாக மறுக்கப்பட்ட கல்வியைப் பங்கிட முயன்ற ஒரு சமுதாயத்தின் சரித்திரம் அந்த வாசிப்புக்குள் நுழையவே இல்லை என்ற குறை எனக்கு உண்டு. அந்தக் குறையைத்தான் பெரியார் ஈ.வெ.ரா.வும் அவரோடு சேர்ந்தவர்களும் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். தெருவில் எழுந்த குரல் டில்லியை எட்டிற்று.

1951 மே 12ஆம் நாள் நேரு முதல் திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். ஜூன் 18ஆம் நாள் அது சட்டமாயிற்று. கல்வியில் பிற்பட்ட வகுப்புகளுக்குத் தனி ஏற்பாடு செய்யலாம் என்ற நான்காம் உட்பிரிவு 15ஆம் ஷரத்தில் சேர்ந்தது. அது செண்பகம் வழக்குக்குப் பதில். பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தும் காரணங்களில் பொது அமைதி சேர்ந்தது; அது தாப்பர் வழக்குக்குப் பதில். ஆனால் கட்டுப்பாடுகள் நியாயமானவையாக இருக்க வேண்டும் என்ற அடைமொழியும் அதே இடத்தில் சேர்ந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நிலச் சீர்திருத்தச் சட்டங்கள் பதின்மூன்றைக் காப்பாற்ற ஒன்பதாவது அட்டவணையும் அப்போதே பிறந்தது. பிற்காலத்தில் தமிழ்நாட்டின் 69 சதவிகித இடஒதுக்கீட்டுச் சட்டம், 76ஆம் திருத்தத்தின் மூலம், 1994இல் போய் அமர்ந்ததும் அதே அட்டவணையில்தான். இந்தத் திருத்தத்தை நிறைவேற்றிய தற்காலிகப் பாராளுமன்றம், அரசியலமைப்பை இயற்றிய நிர்ணய சபையின் தொடர்ச்சியே; பொதுத் தேர்தல் ஒன்றுகூட அதுவரை நடக்கவில்லை. எழுதிய கைகளே பதினேழு மாதங்களுக்குள் அடித்துத் திருத்தின. இது ஜனநாயகத்தின் உயிர்த்துடிப்பா, அதிகாரத்தின் பொறுமையின்மையா? கல்விக்கான திருத்தத்தை முன்னதாகவும் பேச்சுரிமைக்கான திருத்தத்தைப் பின்னதாகவும் நான் கொள்கிறேன். இரண்டையும் ஒரே மசோதாவில் கட்டியமையால் ஒன்றை ஆதரிப்பவர் மற்றொன்றையும் விழுங்க நேர்ந்தது என்பது அரசியல் விஞ்ஞானத்துக்கு உரிய பாடம். சட்டப் புத்தகத்தில் அது கிடைக்காது.

இங்கே சரித்திரம் ஒரு வேடிக்கை செய்திருக்கிறது. ராவ் வழக்கின் தீர்ப்பு வெளிவந்த அதே 1952 மார்ச்சில், சென்னைப் பல்கலைக்கழகத்தில், அரசியலமைப்பை வரைந்த குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் சஷ்டியப்த பூர்த்தி அறக்கட்டளையின் சார்பில், சர் ஐவர் ஜென்னிங்ஸ் இந்திய அரசியலமைப்பின் சில இயல்புகளைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். அடுத்த ஆண்டு அது நூலாயிற்று. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும், அந்நாட்டின் சோல்பரி அரசியலமைப்பு உருவாகத் துணைநின்றவராகவும் விளங்கிய அந்த ஆங்கில நிபுணர், நம்முடையது மிக நீளமானது, மிக இறுக்கமானது என்று கருதினார். நீளம் உண்மை, இறுக்கமோ, 2023க்குள் 106 திருத்தங்களைக் கண்டுவிட்ட ஓர் ஆவணத்தைப் பற்றிச் சொல்லத்தக்கதன்று. அவர் உள்ளங்கவர்ந்த குறுகிய, உரிமைப் பட்டியலற்ற இலங்கை அமைப்பின் கதியும் நினைக்கத்தக்கது. எந்த இனத்துக்கும் பாதகமான சட்டம் செய்யலாகாது என்று அதன் 29ஆம் பிரிவு தடுத்திருந்தும், 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் மலையகத் தமிழர்கள் குடியுரிமையையும் வாக்குரிமையையும் இழந்தார்கள். கொடாக்கன் பிள்ளை வழக்கில் பிரிவி கவுன்சில் 1953இல் அதற்குத் தடை சொல்ல மறுத்தது. 1972இல் அந்த அரசியலமைப்பே மறைந்தது. ஒப்பியல் அரசியல் என்ற தாளைக் கற்பிக்க ஸ்விட்சர்லாந்துக்கும் பிரான்ஸுக்கும் போகுமுன், பாக் நீரிணையைக் கடந்தால் போதும்.

ஐந்தாவது நிகழ்ச்சி வழக்குகளின் தொகுதியில் அடங்குவதன்று. 1952இன் தொடக்கத்தில் நடந்த முதற் பொதுத் தேர்தலில், 375 உறுப்பினர்களைக் கொண்ட சென்னைச் சட்டசபையில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152 இடங்கள். முதலமைச்சர் குமாரசாமி ராஜாவே தோற்றுப்போனார். டி. பிரகாசத்தின் தலைமையில், கம்யூனிஸ்டுகள் உள்ளிட்டோர் சேர்ந்து அமைத்த ஐக்கிய முன்னணி, தன்னிடம் 166 பேர் இருப்பதாகக் கூறி உரிமை கோரியது. இரு சாராருக்கும் 188 இல்லை. கவர்னர் ஸ்ரீபிரகாசா, தேர்தலில் நில்லாத ராஜாஜியை மேல்சபைக்கு நியமித்து, அவரை மந்திரிசபை அமைக்க அழைத்தார்; ஏப்ரல் 10ஆம் நாள் அவர் முதலமைச்சரானார். பி. ராமமூர்த்தி உயர் நீதிமன்றத்தில் தொடுத்த மனு தள்ளுபடியாயிற்று. பிறகு சிறு கட்சிகள் சிலவற்றின் ஆதரவோடு ராஜாஜி சட்டசபையின் நம்பிக்கையைப் பெற்றார்.

இந்த நிகழ்ச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு அரசியலமைப்பைப் புரட்டிப் பார்க்கும் மாணவர், முதலமைச்சரைக் கவர்னர் நியமிப்பார் என்ற 164ஆம் ஷரத்தையும், இலக்கியம், விஞ்ஞானம், கலை, கூட்டுறவு இயக்கம், சமூக சேவை ஆகியவற்றில் தேர்ச்சி உள்ளவர்களை மேல்சபைக்கு நியமிக்கலாம் என்ற 171ஆம் ஷரத்தையும் காண்பார். ராஜாஜியின் இலக்கியத் தகுதியை எவர் மறுப்பார்? ஆயினும் அந்த ஷரத்து வகுக்கப்பட்டது முதலமைச்சரைத் தேடித் தருவதற்காகவா? எழுதப்பட்டவற்றில் ஒன்றும் மீறப்படவில்லை; ஆனால் எழுதப்படாத ஒன்று மீறப்பட்டது என்று ஒரு சாராரும், ராஜ்யத்தைக் குழப்பத்திலிருந்து காப்பாற்றிய விவேகம் அது என்று மற்றொரு சாராரும் வாதித்தார்கள். தனிப்பெருங்கட்சியை முதலில் அழைப்பது தவறென்று நான் சொல்ல வரவில்லை; தேர்தலில் நின்று வென்ற 375 பேருள் ஒருவரைத் தேடாமல் நியமனத்தின் வழியே தலைவரைக் கொண்டுவந்தது சம்பிரதாயத்துக்கு நேர்ந்த ஊனம் என்பதே என் முடிவு. கவர்னர் யாரை எந்த வரிசையில் அழைக்க வேண்டும் என்று சர்க்காரியா கமிஷன் 1988இல் எழுதியதும், பெரும்பான்மையைச் சோதிக்கும் இடம் சட்டசபையே என்று 1994இல் பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதும், இத்தகைய அனுபவங்கள் நாற்பது ஆண்டுகளாகக் குவிந்த பிறகே. பாஜட்டின் கண் வேண்டும் என்று மேலே நான் கூறியது இதற்காகத்தான்.

இவையெல்லாம் சட்டக் கல்லூரியின் வேலையல்லவா என்று சிலர் கேட்கக்கூடும். சட்டம் பயில்பவர் ஒரு தீர்ப்பில் தேடுவது விதியை. அரசியல் விஞ்ஞானம் பயில்பவர் அதே தீர்ப்பில் தேட வேண்டியவை வேறு: எந்த அதிகாரத்தை யார் விரும்பினார், அதை யார் தடுக்க முடிந்தது, வென்றவருக்கு உண்மையில் என்ன கிடைத்தது என்பவை. தாப்பர் வழக்கில் வென்றார்; ஓராண்டு கடந்த சில வாரங்களில் அரசியலமைப்பே அந்த வெற்றியைச் சுருக்கிவிட்டது. கோபாலன் தோற்றார், ஆனால் 1951இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூலம் விடுதலையாகி, 1952 தேர்தலில் லோக் சபைக்குச் சென்று, கம்யூனிஸ்டு உறுப்பினர்களுக்குத் தலைமை தாங்கினார். விசாரணையின்றி அவரை அடைத்து வைத்த அரசியலமைப்பே, அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் உரிமையையும் மக்களுக்குத் தந்திருந்தது. இந்த இரண்டையும் ஒருங்கே காணாதவர் அந்த அமைப்பை அறிந்தவராகார்.

வகுப்பறையில் இதைச் செய்வதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. கோபாலன் வழக்கின் ஆறு தீர்ப்புகளை ஆறு மாணவர்களிடம் கொடுத்து, ஒவ்வொருவரும் தமக்கு வாய்த்த நீதிபதியின் கட்சியை எடுத்து வாதாடும்படி செய்யலாம். அந்த விவாதம் முடிந்த பிறகு, 1978ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் படிக்கச் சொல்லலாம். 1952 நியமனத்தைப் பற்றி எழுதப் பணித்தால், மாணவர் எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்துக்கும் கன்னிமரா நூலகத்துக்கும் போய், அந்த மாதங்களின் பத்திரிகைகளையும் சட்டசபை நடவடிக்கைக் குறிப்புகளையும் புரட்டியாக வேண்டும். கைட் புத்தகத்தில் விடை இராது. பாடத்திட்டத்தின் மற்றப் பகுதிகள் என்னாகும் என்று அஞ்ச வேண்டியதில்லை. கூட்டாட்சி, நீதிமன்றச் சீராய்வு, திருத்தும் அதிகாரம், கவர்னர் பதவி என்று தேர்வுத் தாள் எதைக் கேட்டாலும், இந்த ஐந்து நிகழ்ச்சிகளுள் ஒன்றில் அதன் வேர் அகப்படும்.

ஒரு தடை மட்டும் மெய்யானது. கிராமங்களிலிருந்து அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு வந்து தமிழ்வழியில் இந்தப் பாடத்தைப் படிப்பவர்களுக்கு, 1950ஆம் ஆண்டு நீதிபதிகளின் ஆங்கிலம் எளிதில் வசப்படுவதன்று; ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்குமே அது கடினம். உச்ச நீதிமன்றம் தன்னுடைய தீர்ப்புகளில் சிலவற்றைத் தமிழிலும் வெளியிடத் தொடங்கியிருக்கிறது. ஆயினும் வகுப்பறைக்கு வேண்டுவது வெறும் மொழிபெயர்ப்பன்று. கோபாலன், தாப்பர், ராவ், செண்பகம் ஆகிய நான்கு வழக்குகளின் முக்கியப் பகுதிகளையும், முதல் திருத்தத்தைப் பற்றிய பாராளுமன்ற விவாதத்தையும், 1952 ஏப்ரல் நிகழ்ச்சிகள் குறித்த ஆவணங்களையும், தக்க முன்னுரைகளோடும் சொல்விளக்கங்களோடும் ஒரே தொகுதியாக, மாணவர் விலை கொடுத்து வாங்கக்கூடிய பதிப்பாகத் தமிழில் கொண்டுவர வேண்டும். அரசியல் விஞ்ஞானத் துறைகளை வைத்திருக்கும் நம்முடைய பல்கலைக்கழகங்கள் இந்தப் பணியை அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.